வலது கால் மட்டும் யோக்கியன்

எங்கள் வீட்டுத் தரை சுடுகிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. யார் சுட வைக்கிறார்கள் என்பதில்தான் சந்தேகம். மார்சிலிங்கில், அரசாங்கம் கட்டிய வீவக அடுக்குமாடியில் ஏழாவது மாடி எங்கள் வீடு. நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். காலைச் சவாரியை முடித்துவிட்டு ஒன்பது மணிவாக்கில் வீட்டுக்கு வந்து, ஷூவைக் கழற்றிவிட்டுக் கூடத்தில் நின்றால் உள்ளங்கால் இரண்டும் பற்றிக்கொண்டு எரியும். குனிந்து தரையில் கையை வைத்துப் பார்த்தால் சில்லென்று இருக்கும். கையை எடுத்துவிட்டுக் காலை வைத்தால் மறுபடியும் எரியும். இதற்கு என்ன அர்த்தம்? நான் கையை வைக்கும்போது மட்டும் கீழே எவனோ அடுப்பை அணைக்கிறான் என்று அர்த்தம். சிரிக்காதீர்கள். அப்போது எனக்கு அப்படித்தான் தோன்றியது.

ஆறாவது மாடியில் ஒரு சீனத் தம்பதி, வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். ஒருநாள் பொறுக்க முடியாமல் இறங்கிப்போய்க் கதவைத் தட்டினேன். மேல்கூரையில் என்னய்யா சமைக்கிறாய் என்று நேராகக் கேட்க முடியுமா? எங்கள் குளியலறைத் தண்ணீர் அவர்கள் வீட்டில் ஒழுகுகிறதா என்று பார்க்க வந்ததாக ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டேன். அந்த மனிதர் பாவம், உள்ளே அழைத்து ஒவ்வோர் அறையின் கூரையையும் காட்டினார். கூடத்தில் ஏர்கான் ஓடிக்கொண்டிருந்தது, நல்ல குளிர். "ஓகே லா அங்கிள், நோ வாட்டர்," என்றார். ஆள் வருவது தெரிந்துதான் ஏர்கானைப் போட்டிருக்கிறான் என்று சொல்லிக்கொண்டே மேலே ஏறி வந்தேன்.

மனைவியிடம் சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"காலுதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன். மேலயும் கெட்டுப்போச்சா?"

கால் கெட்டது உண்மைதான். எனக்குப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை. அது சும்மா இருக்குமா? காலின் நரம்புகளைத் தின்னத் தொடங்கியிருக்கிறது என்று பலதுறை மருந்தகத்தில், அதாவது எங்கள் வட்டார அரசாங்க கிளினிக்கில், ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். நரம்பு கெட்டால் இரண்டு விதமாகத் தெரியுமாம். ஒன்று எரிச்சல். மற்றது மரத்துப்போவது. எரிச்சலை நான் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மிளகாய் அரைத்த கையைக் கழுவாமல் கண்ணைத் தேய்த்தால் எப்படி இருக்கும், அது உள்ளங்காலில். மதியம் படுக்கும்போது போர்வை நுனி விரலில் பட்டால்கூட "ஐயோ" என்று கத்துவேன். ஆனால் மரத்துப்போவதைப் பற்றி எவரிடமும் மூச்சு விடவில்லை. எனக்கு நானே கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. இப்படி எரிகிற கால் எப்படி மரத்திருக்க முடியும்? எரிந்தால் உயிர் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? இதுதான் என் கட்சி.

மருந்தகத்தில் ஒரு டாக்டர் பெண், தமிழ்ப் பெண்தான், என் மகள் வயசு இருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை காலைச் சோதிப்பாள். கையில் தூண்டில் நரம்பு மாதிரி ஒரு மெல்லிய நைலான் நூல் வைத்திருப்பாள்.

"கண்ண மூடிக்குங்க அங்கிள். நான் கால்ல தொடுறப்பல்லாம் 'ஆமா'ன்னு சொல்லுங்க. ஓகேயா?"

மூடினேன். ஒரு தடவை தொட்டாள், "ஆமா" என்றேன். அதற்கப்புறம் ஒன்றையும் காணோம். காத்திருந்தேன். காத்திருந்துகொண்டே இருந்தேன். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இந்தப் பெண் தொடாமலேயே உட்கார்ந்துகொண்டு என்னை ஆழம் பார்க்கிறாள். இமையை ஒரு நூலளவு திறந்து பார்த்தேன். நைலான் நூல் என் வலது பெருவிரலுக்கடியில் வளைந்து நின்றது. "ஆமா!" என்றேன். அப்புறம் அந்த நூலளவு இடைவெளியை மூடவே இல்லை. அவள் தொட்ட இடத்துக்கெல்லாம் "ஆமா, ஆமா" என்று கணீரென்று சொல்லிக்கொண்டு வந்தேன்.

"பரவால்லையே அங்கிள், போன வருஷத்தைவிட நல்லா இருக்கே," என்று கணினியில் தட்டியவள், "இப்ப என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டாள்.

"சும்மா வீட்லதான் இருக்கேன்மா."

பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் மனைவி ஒரு செருமல் செருமினாள். வெளியே வந்து மருந்து வாங்கும் வரிசையில் நிற்கும்போதுதான் வாயைத் திறந்தாள். "கண்ண மூடச் சொன்னா மூடணும்." அவ்வளவுதான் சொன்னாள். அன்றிலிருந்து இவள்மேலும் ஒரு கண் வைக்க ஆரம்பித்தேன். டாக்டரிடம் என்னைப் போட்டுக்கொடுத்தால் லைசன்ஸ் போகும், லைசன்ஸ் போனால் வேலை போகும். முப்பது வருடமாக ஸ்டியரிங் பிடித்தவனை வீட்டில் உட்கார வைத்துச் சோறு போட வேண்டும் என்று இவளுக்கு என்ன அப்படி ஓர் ஆசை?

நான் சந்தேகப்பட்டதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. ஒருநாள் மதியத் தூக்கத்தில் பாதி விழித்துப் பார்த்தால், அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் உள்ளங்காலை ஈர்க்குச்சியால் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாள். அதை நான் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

"என்ன பண்றே?"

"கொசு."

"கொசுவ ஈர்க்குச்சியாலயா அடிப்பாங்க?"

அவள் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். ஆதாரம் சேர்க்கிறாள் என்று நான் புரண்டு படுத்துக்கொண்டேன்.

டாக்டர் சொன்ன விதிகள் எல்லாம் ஒரு தாளில் அச்சடித்துக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்தன. வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்கக்கூடாது. ஷூ போடுமுன் உள்ளே கையைவிட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். சாக்ஸ் வெள்ளையாக இருக்க வேண்டும், புண் வந்தால் ரத்தம் தெரியும். சுடுதண்ணீரைக் காலால் பார்க்காதே, முழங்கையால் பார். ஐஸ் வைக்காதே. இவை போக, இரவில் போட்டுக்கொள்ள ஒரு நரம்பு மாத்திரை. மிளகாயிலிருந்து செய்த ஒரு களிம்பு வேறு. எரிகிற காலுக்கு மிளகாயா! யாரிடம் காது குத்துகிறார்கள்? களிம்பை மூடியைத் திறக்காமலே அலமாரியில் போட்டேன். மாத்திரையைப் போட்டால் விடிகாலையில் தலை கிறுகிறுத்தது. ஐந்தே காலுக்கு எழுந்து வண்டி எடுக்கிறவனுக்கு இது ஆகுமா? என்னைத் தூங்க வைத்துவிட்டால் சவாரி தானாக நின்றுவிடும் என்று இரண்டு பெண்களும் சேர்ந்து போட்ட திட்டம் என்றே நினைத்தேன். மாத்திரையை நாக்குக்கடியில் ஒதுக்கிக் கழிப்பறையில் துப்பினேன். யாரும் பார்க்காதபோது காலை வாளியில் விட்டு ஐஸ்கட்டியைக் கொட்டினேன். தடித்த அடிப்பாகம் வைத்த ஷூ போடச் சொன்னார்கள், நானோ தேக்கா கடைவீதியில் தேடிப்பிடித்துத் தகடு மாதிரி ஒரு கேன்வாஸ் ஷூ வாங்கினேன். ஷூ மெலிதாக இருந்தால்தானே பெடல் தெரியும்? பெடல் தெரியவில்லை என்று அப்போதே எனக்குத் தெரிந்திருக்கிறது பாருங்கள். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

இதை எழுதும்போதும் எரிகிறது. மேசைக்கடியில் சின்ன மின்விசிறி ஒன்று பாதத்தைப் பார்த்துச் சுற்றுகிறது. மாத்திரையை இப்போது ஒழுங்காகப் போடுகிறேன். எரிச்சல் போகவில்லை, பக்கத்து அறைக்குப் போனமாதிரி கொஞ்சம் தள்ளி நிற்கிறது. அந்த மிளகாய்க் களிம்பும் முதல் இரண்டு வாரம் உயிரை எடுத்துவிட்டு, பிறகு பரவாயில்லை என்று ஆனது. கீழ்வீட்டுக்காரர்மேல் இப்போது சந்தேகம் இல்லை.

இனி ஒரு பூனை விஷயத்தைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்லி ஒரு புண்ணியமும் இல்லை.

என் பேருந்து சுவா சூ காங்கில் ஒரு தொடக்கப்பள்ளிக்கு ஓடியது. வண்டியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு மலாய் அம்மா உண்டு. பிள்ளைகளைப் போலவே நானும் அவரை மக்சிக், மலாயில் அத்தை, என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னை அபாங் என்பார், அண்ணன் என்று பொருள். ஆறு வருடம் ஒன்றாக ஓடியிருக்கிறோம். ஒருநாள் பிற்பகல், ஒரு பிளாக்கின் கீழே பிள்ளையை இறக்கிவிடுகிற இடம். நான் பிரேக்கில் காலை வைத்து அழுத்தினேன். அழுத்தியதாக நினைத்தேன். வண்டி அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. மறுபடி ஓங்கி மிதித்தேன். நடைபாதை விளிம்பில் டயர் இடித்துக் குலுங்கி நின்றது. இறங்குவதற்காக பெல்ட்டைக் கழற்றிவிட்டு எழுந்து நின்ற முதலாம் வகுப்புப் பெண்பிள்ளை முன்னிருக்கையில் நெற்றியை மோதிக்கொண்டது. வீல் என்று அழுதது. நெற்றி கொழுக்கட்டை மாதிரி வீங்கிவிட்டது.

அந்தப் பிள்ளையின் அம்மா கீழே காத்துக்கொண்டிருந்தார். ஓடி வந்தார்.

"சாரி மேடம், ஒரு பூனை குறுக்க வந்திருச்சு," என்றேன்.

பூனை எதுவும் வரவில்லை. மக்சிக் என் முகத்தைப் பார்த்தார். பிறகு பிள்ளையின் நெற்றியில் தைலம் தடவி அம்மாவிடம் ஒப்படைத்தார். அந்த அம்மா, "பரவாயில்லை அங்கிள், பூனை தப்பித்ததா?" என்று கேட்டார். தப்பித்தது என்று சொன்னேன். வெட்கம் கெட்டவன் நான், பொய்ப் பூனையைக்கூட உயிரோடு அனுப்பிவைத்தேன்.

வண்டி நிற்கவில்லை என்றால் பிரேக்கில்தானே கோளாறு? மறுநாளே பட்டறைக்கு விட்டேன். மெக்கானிக் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றான். அடுத்த வாரம் மறுபடி விட்டேன். ஒன்றுமில்லை என்றான். மூன்றாவது தடவை போனதும் சாவியை என் கையில் திணித்து, "அங்கிள், பிரேக் குட். வெரி குட். யூ ஸ்லீப் எனஃப் ஆர் நாட்?" என்று கேட்டான். திமிரைப் பாருங்கள் என்று வந்துவிட்டேன். வேலை தெரியாதவன், கையில் ஸ்பானரைப் பிடித்துவிட்டால் மெக்கானிக்கா? முதலாளியிடம் சொல்லிப் பட்டறையை மாற்றச் சொல்ல வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

மக்சிக்கும் அந்த வாரத்திலிருந்து ஒரு மாதிரி ஆகிவிட்டார். முன்பெல்லாம் பின்னால் பிள்ளைகளோடு உட்காருகிறவர், என் பக்கத்தில் படியோரமுள்ள மடக்கு இருக்கைக்கு வந்துவிட்டார். பார்வை சாலையில் இல்லை, என் காலில். ஒவ்வொரு சிவப்பு விளக்குக்கும், "அபாங், பெலான்-பெலான் லா," என்பார். மெதுவாக, மெதுவாக என்று. முதலாளிக்கு உளவு சொல்கிறார் என்று முடிவு கட்டினேன். அவருக்குப் பழக்கமான டிரைவர் எவனாவது என் இடத்துக்குக் காத்திருப்பான். என் காலை எல்லாரும் பார்த்தார்கள். பார்க்காதவன் நான் ஒருவன்தான்.

பிறகுதான் அந்த வெள்ளிக்கிழமை வந்தது.

வெள்ளிக்கிழமைகளில் சிராங்கூன் சாலைக் கோயில் ஒன்றுக்குப் போவேன். கோயிலில் வெறுங்கால் கூடாது என்று சொல்ல முடியுமா? அதனால் மனைவி வெள்ளைச் சாக்ஸ் போட்டு அனுப்புவாள். என் செருப்பு பழுப்பு நிறம், இரண்டு பட்டை குறுக்கே போகும், ஓரத்தில் பக்கிள். தேக்கா வட்டாரத்தில் பாதிப் பேர் காலில் அதுதான் கிடக்கும். அன்று கூட்டம். செருப்பு அடுக்கில் இடமில்லாமல் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. சாமி கும்பிட்டுவிட்டு வந்து, வழக்கமாகக் கழற்றும் மூலையில் கிடந்ததில் காலை நுழைத்தேன். கோயிலெதிரே பூக்கடையில் இரண்டு முழம் மல்லிகை வாங்கினேன். லிட்டில் இந்தியா நிலையத்துக்கு நடந்து, நியூட்டனில் ரயில் மாறி, மார்சிலிங்கில் இறங்கி, பிளாக்வரை மறுபடி நடந்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும். வழி முழுக்கக் கால் எரிந்துகொண்டு வந்தது. அது எரியாத நாள் எது?

மனைவி இரும்புக் கதவைத் திறந்தாள். பூவை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது யாரு செருப்பு?"

குனிந்து பார்த்தேன். இடது செருப்பு என்னுடையது. வலதும் அதே பழுப்பு, அதே பட்டை, ஆனால் எனக்கு இரண்டு அளவு சின்னது. என் குதிகால் பாதிக்குமேல் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. பட்டை புறங்காலில் ஏறி இறுக்கியிருந்தது.

"திருட்டுப்பய!" என்றேன். "மாத்திட்டுப் போயிட்டான்!"

"ஒத்தச் செருப்ப எவன் திருடுவான்?"

"எவனாவது... ரயில்ல கூட்டத்துல..."

"ரயில்ல உங்க கால்லேருந்து கழட்டி, வேற மாட்டிவிட்டானா?" அவள் குரல் உயரவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. "கோயில்லேருந்து இதப் போட்டுக்கிட்டா நடந்து வந்தீங்க?"

அவள் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். சாக்ஸில், சுண்டுவிரலுக்குக் கீழே, வெற்றிலை எச்சில் துப்பியதுபோலச் சிவப்பாக ஒரு வட்டம். சாக்ஸைக் கழற்றினால் தோல் உரிந்து சதை தெரிந்தது. செருப்பின் பக்கிள் ஊசி உள்பக்கமாக வளைந்திருந்தது, ஒரு மணி நேரமாக அந்த ஊசி என் காலைக் குத்திக்கொண்டே வந்திருக்கிறது. நான் பூவை மோந்துகொண்டு வந்திருக்கிறேன்.

அவள் புண்ணைக் கழுவிக் கட்டுப்போட்டாள். நாளைக்கே மருந்தகம் போவோம் என்றாள். முதலில் அந்தத் திருடனைப் பிடிக்க வேண்டும் என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் அந்தச் சின்னச் செருப்பைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனேன். உள்ளே போகவில்லை. பூக்கடை ஓரமாக ஒதுங்கி நின்று செருப்பு அடுக்கையே வேவு பார்த்தேன். அரை மணி நேரம் கழிந்திருக்கும். எனக்கு இரண்டடி தள்ளி ஓர் ஆள் நிற்பதைக் கவனித்தேன். முப்பது வயதிருக்கும். அவரும் செருப்பு அடுக்கையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காலைப் பார்த்தேன். இடது காலில் பழுப்புப் பட்டைச் செருப்பு. வலது காலில் நீல ரப்பர் செருப்பு. அவர் என் கையிலிருந்த பையைப் பார்த்தார்.

"ஐயா, அது என் செருப்பா?"

கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று நான் நிமிர்ந்தேன். பார்த்தால், பிடிபட்டவன் நான் மாதிரி இருந்தது. அவர் தோள்பையிலிருந்து என் வலது செருப்பை எடுத்தார். செய்தித்தாளில் சுற்றிவைத்திருந்தார்.

"நேத்து கோயில் சாத்துற வரைக்கும் இங்கயே உக்காந்திருந்தேன்யா. உங்க செருப்புல கால விட்டதுமே தெரிஞ்சிருச்சு, லொடலொடன்னு. சரி, எடுத்தவரு நாலு எட்டு வச்சதும் அவருக்கும் தெரிஞ்சிரும், திரும்பி வந்துருவாருன்னு பாத்தேன். வரவே இல்ல. நேத்தெல்லாம் உங்கள ஒரே திட்டுதான் போங்க." சிரித்தார். ஊரிலிருந்து கப்பல் பட்டறை வேலைக்கு வந்தவராம். வேலை முடிந்து குளித்துவிட்டு நேராக வந்திருக்கிறார், தலை ஈரம்கூடக் காயவில்லை.

மாற்றிக்கொண்டோம். அவர் தன் செருப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இந்த ஊசி உள்ள வளைஞ்சிருக்குமே! நானே பிளாஸ்திரி ஒட்டித்தான் போட்டுக்கிட்டிருந்தேன், அதுவும் விழுந்துருச்சு. பத்தடி நடக்க முடியாதே. உங்களுக்குக் குத்தலையா?"

"குத்துச்சு தம்பி. கொஞ்சம் குத்துச்சு," என்றேன்.

அவர் என் காலில் இருந்த கட்டைப் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. "பாத்துப் போங்கய்யா," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கோயிலுக்குள் போனார்.

பயந்துபோனேன். அறுபத்தொரு வயதில், சிராங்கூன் சாலை நடைபாதையில், சனிக்கிழமைக் கூட்டம் இடித்துக்கொண்டு போக, பயந்து நின்றேன். தன் செருப்பு எது என்று தெரியாத கால், ஊசி குத்தினால் தெரியாத கால், பெடலில் இருப்பதாக நான் நினைத்தபோதெல்லாம் எங்கே இருந்தது? அந்தப் பிள்ளையின் நெற்றி வீங்கிய அன்று எங்கே இருந்தது? பிரேக்மேல் சந்தேகப்பட்டேன். மெக்கானிக், மக்சிக், டாக்டர், கட்டிக்கொண்டவள், கீழ்வீட்டுக்காரர், ஒருவரையும் விடவில்லை. இந்த வலது காலை மட்டும் யோக்கியன் என்று நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன். ரயிலில் உட்கார இடம் கிடைத்தும் உட்காரவில்லை. குனிந்து செருப்பையே பார்த்துக்கொண்டு மார்சிலிங்வரை நின்றுகொண்டு வந்தேன்.

இவ்வளவு தெரிந்தும் ஞாயிற்றுக்கிழமை நான் செய்தது என்ன? முதலாளிக்குப் போன் போட்டுக் காய்ச்சல், திங்கட்கிழமை ஒருநாள் விடுப்பு வேண்டும் என்றேன். ஒரே ஒருநாள். புண் ஆறட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம், இன்னும் மெலிதாக ஒரு ஷூ கிடைக்காதா என்று மனம் ஓடிக்கொண்டிருந்தது. பேருந்துச் சாவி கால்சட்டைப் பையிலேயே இருந்தது. பிறகு மக்சிக்குக்கும் சொல்லிவிடுவோம் என்று கூப்பிட்டேன்.

"மக்சிக், நாளைக்கு நான் வரலை. காய்ச்சல்."

அவர் தன் ஓட்டைத் தமிழில், "காய்ச்சலா அபாங்? அந்தப் பூனை மாதிரி காய்ச்சலா?" என்றார்.

"நான் யார்கிட்டயும் சொல்லல லா. ஆனா தினமும் ஹேண்ட்பிரேக் பக்கத்துலதான் உக்காருறேன். உங்க காலு தப்பான எடத்துல போனா, நான் இழுக்கணும்ல? தினமும் பயம்தான் அபாங்."

உளவு பார்க்கிறார் என்று நினைத்திருந்தேன். பேச்சை எப்படி முடித்தேன் என்று நினைவில்லை. போனை வைத்துவிட்டு, எரிகிற காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கோபம் வந்தது. யார்மேல் என்று பார்த்தால் மிச்சம் யாருமே இல்லை.

திங்கட்கிழமை காலை மருந்தகம் போனோம். அதே டாக்டர் பெண். கட்டைப் பிரித்துப் புண்ணைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"எப்படி ஆச்சு அங்கிள்?"

செருப்புக் கதையைச் சொன்னேன். ஊசியைச் சொன்னேன். அவள் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "போன தடவை நான் டெஸ்ட் பண்ணப்ப நல்லாத்தானே இருந்துச்சு?" என்று குழம்பினாள்.

"கண்ணத் தெறந்து வச்சிருந்தேன்மா," என்றேன். "இன்னொரு வாட்டி பாத்துருங்க. இந்தத் தடவை மூடிக்கிறேன்." பின்னால் என் மனைவி செருமவில்லை.

புண்ணுக்கு மருந்து வைத்துவிட்டு அந்த நைலான் நூலை எடுத்தாள். படுக்கையில் காலை நீட்டிக்கொண்டேன். கண்ணை இறுக்கி மூடினேன். போதாது என்று என் கைக்குட்டையையும் எடுத்துக் கண்மேல் போட்டுக்கொண்டேன். எரிச்சல் வழக்கம்போல எரிந்தது. அதற்கு நடுவில் எங்கேயாவது ஒரு தொடுகை தட்டுப்படுமா என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கவனித்தேன். வெளியே யாருடைய வரிசை எண்ணையோ அழைக்கிற மணி கேட்டது. ஒரு குழந்தை இருமியது. நான் "ஆமா" சொல்லத் தயாராக வாயைத் திறந்து வைத்திருந்தேன். நேரம் போய்க்கொண்டிருந்தது. பாவம், ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"நான் ரெடிம்மா," என்றேன். "நீங்க ஆரம்பிக்கலாம்."

அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள்.

"முடிச்சிட்டேன் அங்கிள். ரெண்டு காலும்."

கைக்குட்டையை எடுத்தேன். நூல் மேசைமேல் இருந்தது. என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் சும்மா இருக்கிறேன் என்று சொன்னது பொய், நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன் என்று டாக்டரிடம் சொன்னேன். எந்த வயதுப் பிள்ளைகள், எத்தனை பேர் என்று அவள் கேட்கவில்லை. நானாகவே சொன்னேன். முதலாம் வகுப்புப் பிள்ளையின் நெற்றியையும் சொன்னேன்.

பிறகு கால்சட்டைப் பையிலிருந்து பேருந்துச் சாவியை எடுத்து மனைவியின் கையில் வைத்தேன். "முதலாளிகிட்ட நீயே கொண்டுபோய்க் குடுத்துரு," என்றேன். அவள் வாங்கிக்கொண்டாள். கைப்பைக்குள் போட்டு ஜிப்பை மூடும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதும் எனக்குத் திருப்தியில்லை. நாளைக்குக் காலையில் இவன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியும்.

"ஏதாவது கதை சொல்லிக் கேப்பேன்," என்றேன். "நானே கேட்டாலும் குடுக்காதே."